மறைந்து மறைந்து வரும் வெண்புள்ளி: கடல்நீர் மீன்தொட்டி கேள்வி–பதில்

கடல்நீர்த் தொட்டி அமைப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, தொட்டி அமைத்து ஓராண்டு முடிவதற்குள் மீன்களை நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் எழுதியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஒட்டுண்ணி நோய்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னிடம் 300 லிட்டர் தொட்டி இருக்கிறது. அதில் இரண்டு கோமாளி மீன்கள், ஒரு பவுடர் ப்ளூ டாங் மீன், இரண்டு டாம்சல் மீன்கள், சில மென்பவளங்கள், நத்தைகள் உள்ளன. ஆறு மாதத்தில் நான்காவது முறையாக வெண்புள்ளி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான்கைந்து நாட்களில் மறைந்துவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து முன்னைவிட அதிகமாக வருகிறது. முதல் முறை உணவில் பூண்டுச் சாறு கலந்து கொடுத்தேன். இரண்டாம் முறை நீரின் வெப்பத்தை 30 டிகிரிக்கு உயர்த்தினேன். பிறகு க்ளீனர் இறால் வாங்கி விட்டேன். கடைசியாகப் பவளங்களுக்குத் தீங்கு செய்யாது என்று எழுதியிருந்த ஒரு மருந்தை ஊற்றினேன். நான்கும் முதலில் பலித்தன, பிறகு கைவிட்டன. நான் எங்கே தவறு செய்கிறேன்?
— வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: நான்கில் ஒன்றுகூட ஒருமுறையும் பலிக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் அந்தப் புள்ளிகள் அதே நான்கைந்து நாட்களில் மறைந்திருக்கும். அது ஏன் என்பது விளங்கிவிட்டால் இந்த நோயைத் தீர்க்கும் வழியும் பாதி விளங்கிவிடும் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்நோயை உண்டாக்குவது கிரிப்டோகேரியன் இர்ரிட்டன்ஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரி. 1937இல் ஜப்பானில் இந்நோய் விவரிக்கப்பட்டது. 1951இல் அதற்கு இந்தப் பெயர் சூட்டப்பட்டது. மீனின் மேல் உப்புத்தூள் தூவியதுபோல் நீங்கள் காணும் ஒவ்வொரு புள்ளியும், மேல்தோலுக்கு அடியில் புகுந்துகொண்டு மீனின் திசுவைத் தின்று பருத்துக்கொண்டிருக்கும் ஓர் ஒட்டுண்ணி. அது அங்கே மூன்று முதல் ஏழு நாட்கள் வரை இருக்கும். வயிறு நிறைந்ததும், பெரும்பாலும் விளக்கு அணைந்த இருட்டு நேரத்தில், தானாகவே மீனை விட்டு இறங்கிவிடும். சில மணி நேரம் அடித்தளத்தில் ஊர்ந்து திரிந்தபின் மணலிலோ பாறையிலோ நத்தை ஓட்டிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை ஒன்றை அமைத்துக்கொள்ளும். அந்த உறைக்குள் அது பிளந்து பிளந்து இருநூறு வரை குஞ்சுகளாகப் பெருகும். மீன் பளபளவென்று தெளிந்து நிற்க, நீங்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுகிற அந்த வாரத்தில்தான் ஒட்டுண்ணி பல மடங்காகிக்கொண்டிருக்கிறது.

உறை எப்போது திறக்கும் என்பதற்கு ஒரே கணக்கு இல்லை. பெரும்பாலானவை மூன்றாம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாளுக்குள் திறந்துவிடுகின்றன. வெதுவெதுப்பான நீரில் செய்த ஆய்வில் பதிவான மிக நீண்ட காலம் 72 நாட்கள். வெளிவந்த குஞ்சு ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடிக்காவிட்டால் இறந்துபோகும். திறந்த கடலில் மிகப் பெரும்பாலான குஞ்சுகளுக்கு அந்த முடிவுதான் நேர்கிறது. இறங்கிய இடத்துக்கு மீன் மறுபடி வருவதில்லை; நீரின் அளவுக்கோ எல்லையில்லை. உங்கள் தொட்டியில் அப்படியில்லை. மீன்கள் ஒவ்வோர் இரவும் அதே பாறை இடுக்கில் உறங்குகின்றன. ஒட்டுண்ணி அந்த இடுக்கிலேயே இறங்குகிறது. குஞ்சுகளும் விடியுமுன் அங்கேயே வெளிவருகின்றன. தேடி அலையாமல் படுக்கையிலேயே இரை கிடைத்துவிடுவதால்தான் இரண்டாம் முறை முதல் முறையைவிடவும், மூன்றாம் முறை இரண்டாம் முறையைவிடவும் கடுமையாகின்றன.

இனி உங்கள் நான்கு முயற்சிகளுக்கு வருகிறேன். பூண்டு சில மீன்களுக்குப் பசியைத் தூண்டலாம், ஒட்டுண்ணியைக் கொல்வதில்லை. வெப்பத்தை உயர்த்தும் வழக்கம் நன்னீர் மீன் வளர்ப்பிலிருந்து வந்தது. அங்கே வரும் வெண்புள்ளி வேறோர் உயிரியால் வருவது. அது 30 டிகிரியில் தளர்ந்துபோகும். கடல்நீர் ஒட்டுண்ணிக்கு அந்த வெப்பம் சுகமானது. சுழற்சி விரைவாக நடக்கும், நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறையும், செவுள் புண்பட்ட மீன் கூடுதலாகத் திணறும். சென்னையில் சித்திரை மாதத்தில் சில்லர் என்னும் நீர் குளிர்விக்கும் கருவி இல்லாத தொட்டி தானாகவே 30 டிகிரியைத் தொட்டுவிடுகிறது; அதனால் எவருடைய வெண்புள்ளியும் தீர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. க்ளீனர் இறால் அழகான உயிர், ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை அதனால் பிடுங்க முடியாது. க்ளீனர் ராஸ் மீனுக்கும் இதுவே பொருந்தும். கடலில் அதன் முதன்மை இரை, மீன்களின் மேல் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் சிறு ஓட்டுடலிகள்தாம். பவளத்துக்குத் தீங்கு செய்யாத மருந்து என்பதில் எனக்கு நெடுநாளாகவே நம்பிக்கையில்லை. ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்கு வலிமையுள்ள ஒன்று, அதே நீரிலுள்ள பவளத்தையும் புழுவையும் நத்தையையும் மட்டும் எப்படி அடையாளம் கண்டு விட்டுவிடும்?

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். எல்லா மீன்களையும், புள்ளி தெரியாத மீன்கள் உட்பட, வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பவளங்களும் நத்தைகளும் இறாலும் பழைய இடத்திலேயே இருக்கட்டும். ஒட்டுண்ணி அவற்றைத் தின்று வாழாது. மீனில்லாத அந்தத் தொட்டியை 76 நாட்கள் அப்படியே ஓடவிடுங்கள். பதிவான 72 நாட்களுடன் சில நாட்களைச் சேர்த்து வளர்ப்பவர்கள் கைக்கொண்டுவரும் கணக்கு இது. குளிர்ந்த நீரில் உறைகள் இன்னும் நெடுநாள் தாங்கக்கூடும் என்பதால் வெப்பநிலையை 27 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருங்கள்.

"எல்லா மீன்களையும்" என்ற சொல்லை நான் அழுத்துவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் இவ்வாறே தொட்டியைக் காலிசெய்துவிட்டு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய அறுபதாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால், செத்துவிட்டது என்று நான் முடிவுகட்டியிருந்த ஒரு கோபி மீன் பாறைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. இரண்டு மாதமாக ஒட்டுண்ணிக்கு அது சோறு போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து மாற்றிவிட்டு முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணினேன்.

வெளியே எடுத்த மீன்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, செம்பு மருந்து. செம்பு தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியையோ உறைக்குள் இருப்பதையோ தொடாது. நீந்தி வரும் குஞ்சைத்தான் கொல்லும். எனவே எல்லா நிலைகளும் குஞ்சு நிலையைக் கடக்கும்வரை, அதாவது 30 நாட்கள், அளவு ஒருநாளும் குறையாமல் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அயனி வடிவச் செம்பு என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மி.கி. போதும், வேறொரு பொருளுடன் பிணைத்து விற்கப்படும் செம்பு என்றால் 2 முதல் 2.5 மி.கி. வரை வேண்டும். முன்னதற்குப் பின்னதன் அளவைப் போட்டால் மீன் சாகும். பின்னதற்கு முன்னதன் அளவைப் போட்டால் ஒட்டுண்ணி சிரித்துக்கொண்டிருக்கும். இடைப்பட்ட அளவுகளில் விற்கப்படும் மருந்துகளும் இருப்பதால், புட்டியில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்து அதிலுள்ள அளவையே பின்பற்றுங்கள். நாள்தோறும் சோதித்துப் பாருங்கள். அந்தத் தொட்டியில் பாறையும் பவள மணலும் இருக்கக் கூடாது, ஏனெனில் அவை செம்பை உறிஞ்சிக்கொள்ளும். கரி வடிகட்டியையும் எடுத்துவிட வேண்டும். மீன் ஒளிந்துகொள்வதற்குத் தண்ணீர்க் குழாய்த் துண்டுகள் போதும். அமோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவங்களைச் செம்பு உள்ள நீரில் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்து மீனுக்கு நஞ்சாகக்கூடும். முன்கூட்டியே முதன்மைத் தொட்டியில் சில வாரம் ஊறவைத்த ஸ்பஞ்ச் பில்டரும் அடிக்கடி நீர் மாற்றுவதும்தான் அமோனியாவுக்குப் பாதுகாப்பான வழி. மாற்றும் புதுநீரிலும் அதே அளவு செம்பைக் கலந்துகொள்ள மறவாதீர்கள்.

இரண்டாவது வழியில் மருந்தே இல்லை. உறை திறப்பதற்குக் குறைந்தது மூன்று நாட்கள் ஆகின்றன அல்லவா? அதற்குள் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால், இறங்கியவை பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை என நான்கு முறை மாற்றினால், மீனின் மேல் இருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி எங்கோ பின்தங்கிவிட்டிருக்கும். இஸ்ரேலின் ஏலாத் நகரில் ஆஞ்சலோ கொலோர்னி 1980களில் செய்த ஆய்வுகள் இம்முறைக்கு அடிப்படை. பாத்திரக்கடையில் வாங்கும் இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள், இரண்டு ஏர் பம்பு, இரண்டு ஹீட்டர் போதும். ஒன்றில் மீன் இருக்கும்போது மற்றொன்றைக் கழுவி மொட்டைமாடி வெயிலில் முழுமையாகக் காயவிடலாம். வலை, குழாய், ஹீட்டர் ஆகியவையும் காய வேண்டும். ஈரமான வலை ஒன்று போதும், எல்லா உழைப்பையும் வீணாக்க. சிறிய மீன்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த முறை இது. உங்கள் டாங் மீனை மூன்று நாளுக்கொரு முறை பிடிப்பது அதற்கும் உங்களுக்கும் வேதனை என்பதால், உங்கள் நிலையில் நான் செம்பையே தேர்ந்தெடுப்பேன்.

மூன்றாவது, உப்பைக் குறைப்பது. ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.009 என்ற அளவுக்கு நீரின் உப்பை இரண்டு நாட்களில் படிப்படியாகக் குறைத்து, 30 நாட்கள் அப்படியே வைத்திருந்தால், எலும்புள்ள மீன்கள் தாங்கிக்கொள்கின்றன, உறைகள் அழிகின்றன. 1.009 என்றால் 1.009 தான்; 1.011இல் ஒட்டுண்ணி தப்பிவிடும். முள் ஆடும் மலிவான ஹைட்ரோமீட்டரை நம்பி இதில் இறங்க வேண்டாம். சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். இந்தக் குறைந்த உப்பையும் தாங்கும் ஒட்டுண்ணி இரகங்கள் தைவானில் கண்டறியப்பட்டிருப்பதால் இதை நான் மூன்றாவதாகவே வைக்கிறேன்.

பவுடர் ப்ளூ டாங் நம் இந்தியப் பெருங்கடலின் மீன்தான். இருந்தாலும் டாங் இனங்களுக்கு வெண்புள்ளி எளிதில் தொற்றும். அவற்றுள்ளும் இது முதலில் விழும். 300 லிட்டர் அதற்குப் போதாத இடம். சிகிச்சை முடிந்தபின் பெரிய தொட்டி வைத்திருப்பவர் ஒருவருக்கு அதைக் கொடுத்துவிடுவது பற்றி யோசியுங்கள்.

கேள்வி: செம்பு மருந்து ஒரு புட்டியின் விலை மலைக்க வைக்கிறது. உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தமும் செம்புதானே? அதைக் கரைத்து ஊற்றினால் என்ன?
— வாசகர், மதுரை

பதில்: செம்புதான். முற்காலத்தில் கடல்நீர் மீன் வளர்த்தவர்கள் அதையே பயன்படுத்தினார்கள். ஆனாலும் நீங்கள் வேண்டாம் என்கிறேன். மயில்துத்தத்தின் எடையில் ஏறக்குறைய கால்பங்குதான் செம்பு. 100 லிட்டர் நீருக்கு லிட்டருக்கு 0.2 மி.கி. செம்பு வேண்டுமென்றால், மொத்தம் 20 மி.கி. செம்பு, அதாவது சுமார் 80 மி.கி. மயில்துத்தம் தேவை. சமையலறையில் நாம் எடுக்கும் ஒரு சிட்டிகையே இதைப்போல் சில மடங்கு இருக்கும். நகைக்கடைத் தராசு இல்லாமல் இதை அளக்க முடியாது. அளந்தே போட்டாலும், காரத்தன்மையுள்ள கடல்நீரில் செம்பு நிலைத்து நிற்பதில்லை, படிந்துவிடும். காலையில் சரியாக இருந்த அளவு மாலையில் பாதியாகியிருக்கும். கூட்டிப் போட்டால் அடுத்த நாள் எகிறியிருக்கும். பயிருக்காக விற்கப்படுவதில் வேறு என்னென்ன உலோகங்கள் கலந்திருக்கின்றன என்பதும் தெரியாது. பணத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் மருந்தில் சேமிக்காமல் தொட்டியில் சேமியுங்கள்: கண்ணாடித் தொட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் தொட்டியில் மருத்துவம் பாருங்கள். மிஞ்சும் பணத்தில் எண்ணில் காட்டும் செம்புமானி ஒன்று வாங்குங்கள். வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையில் 2 மி.கி. நீலத்துக்கும் 2.5 மி.கி. நீலத்துக்கும் வேறுபாடு சொல்ல என் கண்ணால் இன்றுவரை முடியவில்லை.

கேள்வி: புதிதாக வாங்கிய மீன் ஒன்றை விட்ட ஐந்தாம் நாள், எல்லா மீன்களும் வேகமாக மூச்சு வாங்கின, பவர்ஹெட் தள்ளும் நீரோட்டத்துக்கு எதிராகவே நின்றன, உணவைத் தொடவில்லை. மூன்று நாட்களில் ஏழு மீன்களும் இறந்துவிட்டன. உடம்பில் பெரிய புள்ளி எதுவும் இல்லை. பக்கவாட்டில் பார்த்தபோது மாவு பூசியதுபோல் தெரிந்தது. கடைக்காரர் வெண்புள்ளி என்றார். உண்மையில் அதுவா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது வெண்புள்ளி அல்ல. வெல்வெட் என்று வளர்ப்பவர்கள் அழைக்கும் அமைலூடினியம் ஓசெல்லாட்டம். எண்ணக்கூடிய உப்புப் பரல்களாகத் தெரிந்தால் வெண்புள்ளி. எண்ண முடியாத மாவாகத் தெரிந்தால் வெல்வெட். ஆனால் மாவு தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும், ஏனெனில் இது முதலில் செவுளைத்தான் தாக்குகிறது. விரைந்த மூச்சு, வெளிச்சத்துக்கு ஒதுங்குதல், நீரோட்டத்தில் முகத்தைக் கொடுத்து நிற்றல், உணவு மறுத்தல் ஆகிய நான்கும் ஒன்றாகத் தெரிந்த அன்றே செயல்பட வேண்டும்.

வெண்புள்ளி வாரக்கணக்கில் வேலை செய்கிறது; வெல்வெட் நாட்கணக்கில் வேலை செய்கிறது. ஓர் உறையிலிருந்து 256 வரை குஞ்சுகள் வெளிவரலாம். அவை ஓரிரு நாட்களில் இறந்துவிடாமல் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நீந்திக்கொண்டிருக்கக்கூடும். உப்பைக் குறைக்கும் வைத்தியம் இதனிடம் எடுபடாது. வெப்பமும் காரத்தன்மையும் தொட்டிநீரோடு ஒத்துப்போகும்படி செய்த நன்னீரில், காற்று ஓடவிட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடம் மீனை முக்கி எடுத்தால், ஒட்டியிருப்பவற்றில் ஒரு பகுதி உதிர்ந்து மீனுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைக்கும். அது மருத்துவமாகாது, அவகாசம் மட்டுமே. அதன்பின் நேராகச் செம்பு உள்ள தொட்டிக்குள் விட வேண்டும்.

இப்போது உங்கள் தொட்டியில் மீன் இல்லை. ஆறு வாரத்துக்குப் புதிய மீன் எதையும் விடாதீர்கள். வெண்புள்ளியும் உடன் வந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் 76 நாட்களே பொறுத்திருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஒட்டுண்ணி காற்றில் தெறிக்கும் நுண்துளிகள் வழியாகவும் பரவும் என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காற்று வீசும்போது 3 மீட்டர் தொலைவுவரை அது சென்றது. நோய்த்தொட்டியை முதன்மைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே, அதே மின்விசிறிக்கு அடியில் வைத்துக்கொண்டு, "வலைகூடத் தனியாகத்தான் வைத்திருந்தேன், எப்படி வந்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. வேறு அறையில் வையுங்கள்.

கேள்வி: நான் உப்புக் கலவை வாங்குவதில்லை, கடலிலிருந்தே நீர் எடுத்து வருகிறேன். ஒட்டுண்ணி அதில்தான் வருகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படியே எடுத்து வந்த பாறைத் துண்டுகளிலும் வரும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: வரலாம், ஆனால் கடையில் வாங்கிய மீனின் மேல் வந்திருப்பதற்கான வாய்ப்பே பன்மடங்கு அதிகம். கடல்நீரை உங்கள் ஊர்க்காரர்கள் பயன்படுத்துவதில் நான் குறை காண மாட்டேன். எங்களைப் போல் உப்பைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்குச் சற்றுப் பொறாமைகூட உண்டு. துறைமுகத்தை ஒட்டியும், மீன் கூண்டுகள் மிதக்கும் இடத்திலும் எடுக்காதீர்கள். மழை வெள்ளம் கடலில் சேரும் நாட்களைத் தவிருங்கள். எடுத்த நீரை மெல்லிய துணிப் பையில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் சில வாரம் வைத்திருந்து, பயன்படுத்துமுன் நன்றாகக் காற்று ஓடவிடுங்கள். மீன் கிடைக்காத குஞ்சுகள் அதற்குள் இறந்துவிடும்.

பாறை விஷயம் வேறு. உறை எந்தக் கடினமான மேற்பரப்பிலும் ஒட்டும் என்று முதல் பதிலில் சொன்னேன். மீன் இருந்த தொட்டியிலிருந்து வரும் பாறை, நத்தை, பவளத்தின் அடித்துண்டு ஆகிய எதுவும் அதைச் சுமந்து வரலாம்; எனவே மீனில்லாத தொட்டிக்குச் சொன்ன அதே 76 நாள் ஒதுக்கம் அவற்றுக்கும் உண்டு. ஆனால் நீங்கள் எடுத்து வந்தவை மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் என்றால், ஒட்டுண்ணியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிருள்ளதோ இறந்ததோ, அவற்றை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சுட்ட மண் ஓடுகளும் செயற்கைப் பாறையும் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: கடல்நீர்த் தொட்டியின் வெண்புள்ளி பக்கத்திலுள்ள தங்கமீன் தொட்டிக்குத் தொற்றுமா? என் கைக்குத் தொற்றுமா?
— பள்ளி மாணவர், நாகர்கோவில்

பதில்: இரண்டுக்கும் தொற்றாது. தங்கமீனுக்கு வருவது இக்தியோப்திரியஸ் என்னும் வேறோர் உயிரி. இரண்டும் ஒரே மாதிரி வாழ்ந்தாலும் நெருங்கிய உறவினர் அல்ல என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் கையில் வெட்டுக்காயம் இருந்தால் எந்த மீன்தொட்டியிலும் கைவிடாதீர்கள். ஆறாத புண்ணை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் அங்கே இருக்கலாம். கையுறை அணியுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: என் ஏஞ்சல் மீன் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, கண் மங்கியிருந்தது. நன்னீரில் முக்கியபோது செதில் போன்ற வெள்ளைத் துணுக்குகள் உதிர்ந்தன. பிராசிகுவான்டெல் என்னும் புழு மருந்தைக் கொடுத்ததும் சுகமாயிற்று. மூன்று வாரத்தில் மீண்டும் அதே தொல்லை. மருந்து போலியா?
— வாசகர், கொழும்பு

பதில்: மருந்து நல்லதாகவே இருக்கலாம். நீங்கள் கண்டவை நியோபெனடேனியா போன்ற தட்டைப்புழுக்கள். மீனின் மேல் இருக்கும்போது கண்ணாடிபோல் நிறமின்றி இருப்பதால் தெரியாது. நன்னீர் பட்டதும் வெளுத்து உதிரும். இவ்வகைப் புழுக்கள் முட்டையிடுகின்றன. முட்டையிலுள்ள இழைகள் பாசியிலும் வலையிலும் சிக்கிக்கொள்கின்றன. பிராசிகுவான்டெல் புழுவைக் கொல்லும், முட்டையைத் தொடாது. நம் வெப்பத்தில் முட்டைகள் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிந்துவிடும். பொரித்தவை வளர்ந்து மறுபடி முட்டையிடுவதற்குள் இரண்டாவது தவணை போய்ச்சேர வேண்டும். லிட்டருக்கு 2.5 மி.கி. என்பது வழக்கமான அளவு. ஒரு வாரம் கழித்து நீர் மாற்றி மறுபடி ஒருமுறை, ஐயமிருந்தால் இன்னும் ஒரு வாரம் கழித்து மூன்றாம் முறை கொடுங்கள். நீங்கள் ஒரே தவணையோடு நிறுத்திவிட்டீர்கள் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். நாய்க்கு விற்கும் குடற்புழு மாத்திரைகளில் இம்மருந்தோடு வேறு மருந்துகளும் சேர்ந்திருப்பது வழக்கம். தூய மருந்தையே வாங்குங்கள். பலமுறை இம்மருந்து கண்ட தொட்டியில், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகிவிடுவதால், மருந்து ஓரிரு நாளிலேயே காணாமல் போவதும் உண்டு. ஆகவே மருந்தை முதன்மைத் தொட்டியில் ஊற்றுவதைவிட, ஒதுக்குத் தொட்டியில் புதுநீரில் கொடுப்பதே நல்லது.

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஓடும் பவளத் தொட்டி என்னுடையது. நெரிசலோ மின்தடையோ ஏற்படும்போது ஒரு மீனில் இரண்டு மூன்று புள்ளிகள் தோன்றி மறையும். மீன்கள் நன்றாக உண்கின்றன. இவற்றைப் பிடிக்க வேண்டுமென்றால் பாறைகள் அனைத்தையும் பிரிக்க வேண்டும். அதைச் செய்யத்தான் வேண்டுமா?
— வாசகி, சிங்கப்பூர்

பதில்: உங்கள் தொட்டியில் ஒட்டுண்ணி இருக்கிறது, மீன்களுக்கு அதை எதிர்க்கும் ஆற்றலும் வந்திருக்கிறது. நோயிலிருந்து தேறிய மீன்களில் ஓரளவு எதிர்ப்பு ஏறக்குறைய ஆறு மாதம் நிற்பதாக 1990களில் செய்த ஆய்வுகள் தெரிவிக்கின்றன. சிறு தொற்று அவ்வப்போது அதைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்த மாட்டேன். மீனில்லாமல் வைத்தால்தான் ஒட்டுண்ணி ஒழியும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆறு ஆண்டு வளர்ந்த பவளங்களைப் பெயர்ப்பதிலும், முதிர்ந்த மீன்களை ஒரு மாதம் செம்பில் வைப்பதிலும் இழப்புகள் இருக்கவே செய்யும். எதை இழக்கத் துணிவது என்பது உங்கள் முடிவு.

இப்படியே தொடர்வதென்றால் ஒரு கட்டுப்பாட்டுக்கு நீங்கள் உடன்பட வேண்டும்: புதிய மீன் கூடாது. புதிய மீனுக்கு இந்த ஒட்டுண்ணி பழக்கமில்லை. அது படுத்துவிடும், அதன் மேல் பெருகும் குஞ்சுகள் பழைய மீன்களின் எதிர்ப்பையும் மீறிவிடும். புதிய மீன் வழியாக வேறோர் இரகம் நுழைந்தாலும் அதே கதைதான். ஆய்வகத்தில் ஒரே இரகத்தை மீன்களின் மேல் தொடர்ந்து வளர்த்தபோது, அது 34 சுழற்சிகளுக்கு மேல் தாக்குப்பிடிக்காமல் வலுவிழந்ததாகவும் அதே காலத்து ஆய்வொன்று கூறுகிறது. அப்படியானால், வெளியிலிருந்து எதுவும் சேராத தொட்டியில் அது தானே தேய்ந்து போகவும் கூடும். உங்கள் வீட்டில் ஆறு ஆண்டாகியும் தேயவில்லை என்றால், இடையிடையே புதிதாக ஏதேனும் விட்டிருக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நத்தை, பவளத் துண்டு ஆகியவையும் கணக்கில் சேரும்.

புற ஊதா விளக்கு வைத்தால் நீரில் நீந்தும் குஞ்சுகளின் எண்ணிக்கை குறையும், ஆனால் ஒழியாது. மின்தடையின்போது புள்ளி தோன்றுகிறது என்று எழுதியிருப்பதால், விளக்குக்குச் செலவிடுமுன் மின்கலத்தில் ஓடும் ஏர் பம்பு ஒன்றை வாங்கி வையுங்கள்.